அவதாருக்குத் தலைமுடி செய்யக் கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் கொஞ்ச காலமாக இருக்கிறேன், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மேசை, நாற்காலி, சின்ன வீடு வரை செய்யத் தெரியும், இப்போது அங்கே நம் உருவமாக உலவும் அவதார்களுக்குத் தலைமுடி செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. தேடினால் ஒன்றுக்கொன்று ஒத்துவராத பாடங்கள்தான் கிடைக்கின்றன. எங்கே ஆரம்பிப்பது, இதற்குத் தனித் திறமை வேண்டுமா?

நாற்காலி செய்யத் தெரிந்த உங்களுக்குத் தலைமுடியும் நிச்சயம் வசப்படும். மென்பொருள் பக்கம் புதிதாகக் கற்க வேண்டியது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கண் பழக வேண்டியதுதான் அதிகம். ஒரு மனிதத் தலையில் சராசரியாக ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றை இழை இழையாகச் செய்து முடிக்க யாராலும் ஆகாது. அப்படியே செய்தாலும், இருபது பேர் கூடியிருக்கும் இடத்தில் எந்தக் கணினியும் அதைக் காட்டித் தாங்காது. ஆகவே நாம் செய்வதெல்லாம் கற்றைகளைத்தான். எந்தக் கற்றை எங்கே முளைக்கிறது, எந்தப் பக்கம் விழுகிறது, எதன்மேல் படிகிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் மீதி வேலைக்குப் பொறுமை போதும். கீழே சொல்லப்போவது பெரும்பாலும் இதைச் சுற்றியேதான் இருக்கும்.

முதலில் அந்தப் பாடங்கள் ஏன் முரண்படுகின்றன என்று சொல்லிவிடுகிறேன், தெரியாவிட்டால் வாரக்கணக்கில் நேரம் போய்விடும். செகண்ட் லைஃப் 2003இல் திறந்தபோது அங்கே வெளியிலிருந்து மாடல் ஏற்றும் வசதி கிடையாது. உலகத்துக்குள்ளேயே கிடைக்கும் பிரிம் என்ற அடிப்படை உருவங்களை வளைத்து, முறுக்கி, ஒரு தலைக்கு நூறு இருநூறு என்று ஒட்டித்தான் முடி செய்தார்கள். 2006இல் காற்றில் அசையும் ஃப்ளெக்ஸி பிரிம் வந்தது, 2007இல் ஒரு படத்தை வைத்து வடிவம் பெறும் ஸ்கல்ப்ட் பிரிம் வந்தது. 2011இல்தான் மெஷ், அதாவது பிளெண்டர் போன்ற மென்பொருளில் செய்த முப்பரிமாண உருவம், ஏற்றும் வசதி வந்தது. இன்று நீங்கள் காணும் முடிகள் ஏறக்குறைய எல்லாமே மெஷ்தான். ஆனால் இந்த எல்லாக் காலத்துப் பாடங்களும் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. டோரஸை, அதாவது வளைய வடிவப் பிரிமை, முறுக்கச் சொல்கிறதா, அது பிரிம் காலத்துப் பாடம்; மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிளெண்டர் அல்லது மாயாவில் செய்து ஏற்றச் சொல்கிறதா, அது உங்களுக்கு உரியது. அந்தப் பழைய முடிகளை ஒருமுறையாவது அணிந்து பார்ப்பது மட்டும் நல்லது. அந்த எளிய துண்டுகளை வைத்துக்கொண்டு ஒரு வகிடு, ஒரு சுழி எப்படிக் காட்டினார்கள் என்று பார்த்தால், கற்றையாகச் சிந்திப்பது என்றால் என்னவென்று புரியும்.

சரி, பிளெண்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தலையை நன்றாகப் பார்க்க வேண்டும். நீங்கள் செய்ய நினைக்கும் முடியின் படங்களை முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து, பின்னாலிருந்து, முடிந்தால் மேலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் எல்லோரும் முன்பக்கப் படம் ஒன்றோடு உட்காருவார்கள்; உச்சியும் பிடரியும் எப்படி இருக்கும் என்று தெரியாமல் அங்கே வந்ததும் கை நின்றுவிடும். அந்தப் படங்களின் மேலேயே கோடு போட்டுக் கற்றைகளைப் பிரியுங்கள். பெரும்பாலான தலைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு பெரிய கற்றைகள் போதும் என்பது தெரியவரும். வகிடு எங்கே முடிகிறது, உச்சிச் சுழியிலிருந்து முடி எப்படிச் சுற்றிப் பிரிகிறது, காதுக்கு மேலே போவது எது, காதுக்குப் பின்னால் போவது எது, பிடரியில் முடி கழுத்தோடு ஒட்டி இறங்குகிறதா உள்ளே மடங்குகிறதா என்றெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் கூர்ந்து கவனிக்கச் சொல்வேன். முடி மண்டையோட்டின் மேல் தோலைப் போல ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. வேரில் முதலில் கொஞ்சம் மேலே எழும்பி, பிறகு வளைந்து கீழே விழுகிறது. வகிட்டின் இரு பக்கமும் அந்த எழுச்சி நன்றாகத் தெரியும். அதைச் செய்யாமல் விட்டால் எவ்வளவு நல்ல டெக்ஸ்சர் (மேலே போர்த்தும் படம்) போட்டாலும் அவதார் குளித்துவிட்டு அப்படியே வந்து நிற்பதுபோல் இருக்கும். உச்சியில் மண்டையிலிருந்து ஒரு விரல் உயரமாவது விட்டுத்தான் முடியின் வெளிக்கோடு போக வேண்டும். பக்கவாட்டிலிருந்து நிழலுருவமாகப் பார்த்தால் இது சட்டென்று தெரிந்துவிடும்.

முதல் முயற்சிக்குத் தாடை வரை வரும் நேரான முடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களின் ஒட்ட வெட்டிய முடி எளிது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அதில் நெற்றியோரமும் கிருதாவும் தோலோடு கலக்க வேண்டும், அது கடினம். இடுப்பு வரை வரும் கூந்தலும் வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். தாடை வரையிலான முடி தலையோடு மட்டும் அசைந்தால் போதும், நெற்றியை முன்முடி மறைத்துவிடும், கற்றைகளும் பெரிதாக இருக்கும்.

அந்த முதல் முடியில் ஒளிபுகும் டெக்ஸ்சர் எதுவும் வேண்டாம். கெட்டியான கற்றைகளாக மட்டும், கார்ட்டூன் படங்களில் வருவதுபோல் செய்யுங்கள். பிளெண்டரில் அதற்கு எளிய வழி கர்வ், அதாவது புள்ளிகளை நகர்த்தி வளைக்கும் கோடு. ஒரு பெஸியர் கர்வை வேரிலிருந்து நுனிவரை இழுத்து, வேறொரு சின்னக் கர்வை அதற்கு பெவல் ஆப்ஜெக்ட்டாகக் கொடுத்தால் கற்றையின் குறுக்குவெட்டு வந்துவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் ஆல்ட்-எஸ் அழுத்திப் பருமனைக் கூட்டலாம் குறைக்கலாம். கன்ட்ரோல்-டி (Ctrl+T) அழுத்தி முறுக்கலாம். நுனி கூராக வேண்டுமானால் கடைசிப் புள்ளியின் பருமனைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு போங்கள். இதன் பெரிய வசதி என்னவென்றால், கற்றை பிடிக்கவில்லை என்றால் நாலைந்து புள்ளிகளை நகர்த்தினால் போதும். மெஷ்ஷாக மாற்றிய பிறகு அதே வேலைக்கு நூற்றுக்கணக்கான புள்ளிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அதனால் வடிவம் முழுத் திருப்தி தரும்வரை கர்வாகவே வைத்திருங்கள். மாற்றும்போது, டெக்ஸ்சர் பரப்பில் எப்படிப் படிய வேண்டும் என்று சொல்லும் யூவியும் கற்றையின் நீளவாக்கில் ஒழுங்காக விரிந்து வந்துவிடும், அது தனி லாபம்.

உள் அடுக்கிலிருந்து வெளியே வாருங்கள். முதலில் மண்டையை மூடும் அடி அடுக்கு, பிடரியிலிருந்து தொடங்கி மேலே. அதன்மேல் வெளிக்கோட்டைத் தீர்மானிக்கும் பெரிய கற்றைகள். கடைசியாக முகத்தைச் சுற்றி வரும் மெல்லிய கற்றைகள், ஒழுங்கை மீறி வெளியே நீட்டும் ஒன்றிரண்டு. இந்தக் கடைசி அடுக்கில் ஆசை அடங்காது, போட்டுக்கொண்டே போகத் தோன்றும். பெரிய கற்றைகள் சரியாக அமைந்திருந்தால் அது மிகக் கொஞ்சமே தேவைப்படும். நிறையத் தேவைப்படுகிறது என்றால் நடு அடுக்கில்தான் குறை, அங்கே திரும்பிப் போக வேண்டும்.

கெட்டியான முடி ஒன்று தலையில் நன்றாக உட்கார்ந்த பிறகு, பட்டை முறைக்கு வாருங்கள். இதைத்தான் ஹேர் கார்டு என்கிறார்கள்: லேசாக வளைந்த தட்டையான பட்டை, அதன்மேல் முடி இழைகள் வரைந்த டெக்ஸ்சர், இழைகளுக்கு இடையே ஒளிபுகும் வெற்றிடம். கர்வ் முறையேதான், பெவல் ஆப்ஜெக்ட்டாக மூடிய வட்டத்துக்குப் பதில் திறந்த வில் ஒன்றைக் கொடுத்தால் பட்டை வந்துவிடும். முற்றிலும் தட்டையாக விடாதீர்கள், பக்கத்திலிருந்து பார்க்கும்போது காணாமல் போய்விடும். குறுக்கே மூன்று புள்ளிகள் வைத்து நடுவைக் கொஞ்சம் உயர்த்தினாலே போதும்.

டெக்ஸ்சரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வடிவத்தைக்கூட அது கெடுத்துவிடும். ஒரே 1024 சதுரப் படத்தில் ஆறேழு செங்குத்துப் பட்டைகள் வரைந்துகொள்ளுங்கள்: அடர்த்தியானவை இரண்டு, நடுத்தரம் இரண்டு, நுனி பிரிந்த மெல்லியவை இரண்டு, ஓரிரு இழைகள் மட்டும் உள்ளது ஒன்று. எல்லாவற்றிலும் வேர் மேலே, நுனி கீழே. இந்த ஒழுங்கைக் காப்பாற்றினால் பின்னாளில் வேர் கருத்து நுனி வெளுத்த வண்ணமெல்லாம் டெக்ஸ்சரை மாற்றியே கொடுத்துவிடலாம், மெஷ்ஷைத் தொட வேண்டியதில்லை. கையால் வரையக் கிரிட்டாவோ கிம்போ போதும், இரண்டும் இலவசம். பிளெண்டரிலேயே உண்மையான முடி இழைகளை ஒரு தகட்டின்மேல் வளர்த்து அதைப் படமாக எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் நிழலை அது தானே தந்துவிடும். கையால் வரைவதைக் கொஞ்ச நாளாவது செய்துவிட்டு அதற்குப் போங்கள் என்பது என் எண்ணம். வரையும்போதுதான் இழைகள் வேரில் நெருங்கி நுனியில் பிரிவதும், ஒரு கற்றைக்குள்ளேயே மூன்று நான்கு சாயல்கள் இருப்பதும் கண்ணில் படும்.

பிறகு அந்த வெள்ளை விளிம்பு. கறுத்த முடியின் ஓரமெல்லாம் சாம்பல் படிந்தது போல வெளுத்த கோடு ஒன்று தெரியும், பார்த்திருப்பீர்கள். காரணம், ஒளிபுகும் இடத்தில் நிறம் எதுவும் இல்லை என்று நாம் நினைக்கிறோம், ஆனால் கோப்பில் அங்கேயும் ஒரு நிறம் சேமிக்கப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் வெள்ளை. படத்தைச் சிறிதாக்கிக் காட்டும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் கலக்கின்றன, அந்த வெள்ளை முடிக்குள் கசிகிறது. தீர்வு எளிது: இழைகளுக்குப் பின்னால் முழுப் பரப்பையும் முடியின் நிறத்தாலேயே நிரப்பிவிட்டு, ஒளிபுகும் தன்மையை மட்டும் தனி ஆல்ஃபா சானலில் வைத்து, 32 பிட் டிஜிஏ கோப்பாகச் சேமியுங்கள். பிஎன்ஜியாகச் சேமிக்கும்போது சில மென்பொருள்கள் ஒளிபுகும் இடத்து நிறத்தை அழித்துவிடுகின்றன, அதனால்தான் டிஜிஏ என்கிறேன்.

அடுத்து வருவதுதான் முடி செய்பவர்கள் எல்லோருக்கும் தலைவலி தருவது. முன்னால் இருக்கும் பட்டை வழியாகப் பின்னால் இருக்கும் பட்டை தெரிய வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்து முகமோ சுவரோ தெரியும். கேமராவைத் திருப்பினால் சரியாகிவிடும், மறுபடி திருப்பினால் மறுபடி கெடும். இது உங்கள் மாடலின் தவறு இல்லை. கெட்டியான பொருள்களை எந்த வரிசையில் வரைந்தாலும் எது முன்னால் என்று கணினி புள்ளிக்குப் புள்ளி கணக்கு வைத்துக்கொள்ளும். ஒளிபுகும் பொருள்களைப் பின்னாலிருந்து முன்னால் வரிசையாக வரைந்தால்தான் நிறம் சரியாகக் கலக்கும். அந்த வரிசையைக் கணினி பொருளுக்குப் பொருள்தான் போடுகிறது. ஒரே மெஷ்ஷுக்குள் நூறு பட்டைகள் இருந்தால் அவற்றைத் தனித்தனியாக வரிசைப்படுத்துவதில்லை.

இதற்கு இரண்டு வழிகளைச் சேர்த்துக் கையாள வேண்டும். செகண்ட் லைஃபில் மெஷ்ஷின் ஒவ்வொரு முகப்புக்கும் (ஒரே மெட்டீரியல், அதாவது ஒரே தோற்ற அமைப்பு, கொண்ட பரப்புக்கும்) ஆல்ஃபா பிளெண்டிங், ஆல்ஃபா மாஸ்க்கிங் என்று இரண்டு முறைகள் உண்டு. பிளெண்டிங்கில் பாதி ஒளிபுகலாம், ஓரம் மென்மையாக இருக்கும், வரிசைக் குழப்பமும் வரும். மாஸ்க்கிங்கில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று முழுதாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. ஓரம் கொஞ்சம் வெட்டினாற்போல் இருக்கும், குழப்பம் அறவே இருக்காது. ஆகவே அடி அடுக்கையும் நடு அடுக்கையும் ஒரு மெட்டீரியலில் வைத்து மாஸ்க்கிங் கொடுங்கள், அல்லது அடி அடுக்கை முழுக் கெட்டியாகவே விட்டுவிடுங்கள். வெளியே தெரியும் மெல்லிய கற்றைகளுக்கு மட்டும் தனி மெட்டீரியல், அதற்குப் பிளெண்டிங். பின்னால் கெட்டியான முடி இருப்பதால் முன்னால் ஒரு பட்டை தவறாக வரையப்பட்டாலும் ஓட்டையாகத் தெரியாது, முடியின் மேல் முடியாகவே தெரியும். கற்றைகளை அடுக்கு அடுக்காகச் செய்யச் சொன்னதன் பலன் இங்கேதான் முழுதாகக் கைக்கு வருகிறது. ஒரு மெஷ்ஷுக்கு எட்டு மெட்டீரியல் வரை வைக்கலாம், உங்களுக்கு இரண்டோ மூன்றோ போதும். செகண்ட் லைஃபைக் காட்டும் பார்வையாளர் மென்பொருளில் கன்ட்ரோல்-ஆல்ட்-டி (Ctrl+Alt+T) அழுத்தினால் ஒளிபுகும் பரப்பெல்லாம் நிறம் மாறித் தெரியும். பிடித்த கடை முடி ஒன்றை அணிந்து இதை அழுத்திப் பாருங்கள், எவ்வளவு குறைவான இடத்தில் பிளெண்டிங் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தெரியும்.

பட்டைகளில் ஒளி விழும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னி, பார்க்கக் கரடுமுரடாக இருக்கும். கற்றைகள் சேர்ந்து ஒரே உருவமாகத் தெரிய வேண்டுமானால் நார்மல்களை, அதாவது பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒளிக்குச் சொல்லும் திசைகளை, மாற்ற வேண்டும். முடியின் மொத்த வடிவத்தை ஒட்டி முட்டை போன்ற எளிய உருவம் ஒன்றைச் செய்து, டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையர் மூலம் அதன் நார்மல்களைப் பட்டைகளுக்கு எடுத்துக்கொடுங்கள். வெளிச்சம் அந்த முட்டையின்மேல் விழுவதுபோல மென்மையாகப் படரும். ஐந்து நிமிட வேலை, ஆனால் பார்ப்பவர் முதலில் உணர்வது இந்த வித்தியாசத்தைத்தான். இன்னொன்று, பழைய மெட்டீரியல் முறையில் பட்டையின் பின்பக்கம் தெரியாது. பிபிஆர் என்ற புதிய மெட்டீரியல் முறையில் இருபக்கமும் காட்டும் தெரிவு உண்டு. பழைய முறையையும் ஆதரிக்க வேண்டுமானால் உட்பக்கம் கண்ணில் படும் பட்டைகளை மட்டும் நகலெடுத்துத் திருப்பி வையுங்கள். எல்லாப் பட்டைகளையும் இரட்டிப்பாக்கினால் எடை அநியாயத்துக்கு ஏறிவிடும்.

நெற்றியோரம் பற்றிச் சுருக்கமாக. மெஷ் முடி மட்டும் போட்டால் வேர் இருக்கும் இடத்தில் வெறும் தோல் தெரியும். தோல், டாட்டூ அடுக்குகளை மெஷ் உடலின்மேலும் காட்டும் பேக்ஸ் ஆன் மெஷ் வசதி 2019இல் வந்த பிறகு, மண்டையின்மேல் டாட்டூ அடுக்காக ஒரு முடி நிழலை அணிவிப்பது எளிதாகிவிட்டது. உங்கள் முடியோடு அப்படி ஒரு அடித்தளத்தையும் சேர்த்துக் கொடுங்கள். தூக்கிக் கட்டிய கொண்டைக்கும் குதிரைவாலுக்கும் இது இல்லாமல் ஆகாது.

இப்போது முடியைத் தலையோடு சேர்ப்பது. இரண்டு விதம். எலும்போடு பிணைக்காமல் வெறும் மெஷ்ஷாக மண்டை ஒட்டுப்புள்ளியில் மாட்டலாம். அணிபவர் அதைப் பெரிதாக்கலாம், நகர்த்தலாம், எந்தத் தலைக்கும் பொருத்திக்கொள்ளலாம். தாடைக்கு மேல் நிற்கும் முடிக்கு எனக்கு இதுவே பிடிக்கும். தலைகள் விதவிதமாக இருக்கும் உலகத்தில் அணிபவருக்கு இந்தச் சுதந்திரம் பெரிய விஷயம். மற்றது எலும்புக்கூட்டோடு பிணைப்பது, அதாவது ரிக் செய்வது. தோளைத் தொடும் முடிக்கு இது தேவை, இல்லையென்றால் தலை திரும்பும்போது முடி முழுவதும் ஒரு பலகை போலத் திரும்பித் தோளுக்குள் புகுந்துவிடும்.

ரிக் செய்யும்போது தாடைக்கு மேல் உள்ள முடி முழுவதையும் தலை எலும்புக்கே கொடுத்துவிடுங்கள். அதற்குக் கீழே கழுத்து, பிறகு மார்பு என்று படிப்படியாகக் கைமாற்றுங்கள். ஒரு புள்ளிக்கு நான்கு எலும்புகளுக்கு மேல் கூடாது. இங்கே செகண்ட் லைஃபுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது: அங்கே அவதாரின் தலை மௌஸ் போகும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டே இருக்கும். மார்போடு அழுத்தமாகப் பிணைத்த நீள முடி, தலை திரும்பும் ஒவ்வொரு முறையும் தோள்பட்டை அருகே ரப்பரைப் போல இழுபடும். முன்னால் விழும் கற்றைகளுக்கு மார்பின் பங்கைக் குறைத்து, கைமாறும் இடத்தை நீளமாக வைத்தால் அந்த இழுவை பரவலாகி உறுத்தாது. எந்த எலும்புக்கு எவ்வளவு பங்கு என்ற இந்த வெயிட்டைக் கொடுத்ததும் பிளெண்டரிலேயே தலை எலும்பை இடதும் வலதும் முழுக்கத் திருப்பி, குனியவைத்து, நிமிரவைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு ஒரே உயரத்தில் ஒரே வெயிட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அசையும்போது ஒன்றுக்குள் ஒன்று புகும். எளிய கூண்டு மெஷ் ஒன்றுக்கு வெயிட் கொடுத்து அதை எல்லாப் பட்டைகளுக்கும் மாற்றிக்கொடுப்பதுதான் பட்டை பட்டையாகத் தூரிகை போடுவதைவிட நல்லது. நீள முடியை முதலில் தொடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். வடிவம், டெக்ஸ்சர், வெயிட் மூன்றும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடித்தால் எதில் குறை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எலும்புக்கூட்டை இலவசமாகவும் பெறலாம், அவாஸ்டார் என்ற கட்டணச் செருகுநிரலும் உண்டு. முடி மட்டும் செய்பவருக்கு இலவசக் கூடே போதும். அளவு பார்க்க ரூத்2, ராத்2 என்ற திறந்தமூல உடல்களின் தலையை வைத்துக்கொள்ளலாம். பிரபலமான மெஷ் தலைகளுக்குச் சில தயாரிப்பாளர்கள் விண்ணப்பித்தால் படைப்பாளர் கோப்புகள் தருகிறார்கள்.

ஏற்றும் கட்டம். கோப்பை வழக்கமாகக் கொலாடா என்ற வடிவில்தான் ஏற்றுவார்கள், பிளெண்டர் 5.0இல் கொலாடாவை நீக்கிவிட்டார்கள், அதனால் 4.5 நீண்டகாலப் பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். மெஷ் ஏற்றும் உரிமை பெற, அறிவுசார் சொத்துரிமை பற்றிய சிறிய வினாத்தாளை முடித்து, கட்டண விவரமும் பதிந்திருக்க வேண்டும். ரிக் செய்த முடியானால் ஏற்றும் பெட்டியில் ஸ்கின் வெயிட் என்பதை டிக் செய்யுங்கள், ஜாயிண்ட் பொசிஷன் வேண்டாம். அதைச் செய்தால் அணிபவரின் உடல் வடிவமே குலையக்கூடும். முக்கிய உலகமான அக்னியில் ஒவ்வொரு முறையும் காசு போகும். சோதனை உலகமான அதிதியில் போலிக் காசுதான், அங்கேயே எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்றி அணிந்து பாருங்கள். டெக்ஸ்சரைச் சோதிக்க அதுகூட வேண்டாம், லோக்கல் டெக்ஸ்சர் வசதி உங்கள் கணினியிலிருந்தே படத்தைக் காட்டிவிடும். படத்தைத் திருத்திச் சேமித்தால் தலையிலும் மாறும்.

தூரத்திலிருந்து காட்ட மெஷ்ஷுக்கு நான்கு தரநிலைகள் உண்டு. கீழ் இரண்டையும் தானியங்கியிடம் விட்டால் அது பட்டைகளைக் கண்டபடி பிய்த்துவிடும், தள்ளி நின்று பார்ப்பவருக்கு அவதாரின் தலை கந்தலாகத் தெரியும். அடி அடுக்கை மட்டும் தனியாக எடுத்து அதையே கீழ்நிலை மாடலாகக் கொடுங்கள். கெட்டியான அந்த அடுக்கே தூரத்துக்குத் தேவையான உருவத்தைத் தந்துவிடும், மெஷ்ஷை உருவாக்கும் முக்கோணங்களும் குறையும். மொத்தக் கணக்குக்கு என் அளவுகோல்: குட்டை முடிக்குப் பத்தாயிரம் முக்கோணங்களுக்குள், நீள முடிக்கு இருபதாயிரத்துக்குள். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு பட்டையையும் நீக்கிப் பார்த்து, வித்தியாசம் தெரியாததை அழித்துவிடுங்கள். கனமான முடி அணிந்தவர் கூட்டத்தில் மற்றவர் திரையில் ஒற்றை நிறப் பொம்மையாக மாறிவிடலாம், ஆசையாக வாங்கி அணிந்தவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

வண்ணங்களுக்கு, டெக்ஸ்சரை வெளிர் சாம்பலில் செய்துகொண்டு வண்ணம் ஏற்றிப் பழகலாம். ஆனால் விற்கவோ கொடுக்கவோ நினைத்தால் கறுப்பு, பழுப்பு, பொன்னிறம் ஆகியவற்றுக்குத் தனித்தனி டெக்ஸ்சர் செய்யுங்கள். கறுத்த முடியின் மினுமினுப்பு கூர்மையாகவும் நீலம் கலந்தும் இருக்கும், பொன்னிறத்தில் அது பரவலாகவும் இளஞ்சூடாகவும் இருக்கும். ஒரே சாம்பலை நிறம் மாற்றினால் இந்த வேறுபாடு வராது.

வேறு உலகங்களுக்கும் செய்யும் எண்ணம் இருந்தால், வடிவமும் கற்றையும் அப்படியே உதவும், எல்லைகள்தான் மாறும். ரோப்லாக்ஸில் ஒரு துணைப்பொருளுக்கு 4,000 முக்கோணங்கள்தான். விஆர்சாட்டில் ஃபிஸ்போன்ஸ் என்ற அசைவு வசதி மூலம் முடியை உண்மையிலேயே ஆடவைக்கலாம், ஆனால் குவெஸ்ட் என்ற தலையில் மாட்டும் விஆர் கருவிகளில் ஒளிபுகும் டெக்ஸ்சரை நம்ப முடியாது, அங்கே நீங்கள் முதலில் பழகிய கெட்டிக் கற்றைதான் கைகொடுக்கும். அனிமே பாணி பிடிக்குமானால் பிக்சிவ் நிறுவனத்தின் விராய்டு ஸ்டூடியோ இலவசம். அதில் தலையின்மேல் தூரிகையால் இழுத்தாலே கற்றை வரும். கண்ணைப் பழக்க அது அருமையான இடம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். விளையாட்டுகளிலிருந்து உருவி எடுத்த முடி மெஷ்கள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். கற்க என்றுகூட அவற்றைத் திருத்தி ஏற்றாதீர்கள். சட்டப்படி தவறு என்பதோடு, அடுத்தவர் செய்த கற்றையை நகர்த்துவதில் கை எதையும் கற்பதில்லை. டெக்ஸ்சர் வாங்கினால் உரிமத்தை வரி விடாமல் படியுங்கள்; முழு அனுமதியோடு மறுவிற்பனை செய்யக்கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

தாடை வரையிலான முடி ஒன்று திருப்தியாக வந்ததும் குதிரைவால் செய்யுங்கள். எல்லாக் கற்றைகளும் ஒரு புள்ளியை நோக்கி இழுபடுவதால் திசையைப் பற்றி நிறையச் சொல்லித்தரும். அதன்பின் பின்னல். அதில் மூன்று கற்றைகள் ஒரு சுற்று பின்னிய துண்டு ஒன்றைச் செய்து, அர்ரே மாடிஃபையரால் அடுக்கி, கர்வோடு வளைத்தால் போதும்; கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வர வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பிறகு தோளைத் தொடும் முடியும் அதற்கான வெயிட்டும். சுருள் முடியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு கற்றையும் தனக்கென்று ஒரு சுற்றும் ஒரு வேகமும் வைத்திருக்கும், பக்கத்துக் கற்றையோடு ஒத்துப்போகாது. ஒரே சுருளை நகலெடுத்து நிரப்பினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இறுக்கம் வேறுபட்ட நான்கைந்து சுருள்களைச் செய்து, சிலவற்றை இடஞ்சுழியாகவும் சிலவற்றை வலஞ்சுழியாகவும் வைத்து, நீளத்தை ஒவ்வொன்றுக்கும் மாற்றி, பக்கவாட்டு நிழலுருவத்தைப் பார்த்துப் பார்த்து நிரப்புங்கள்.

நடுவில் எங்காவது சிக்கிக்கொண்டால் கேளுங்கள். கேட்கும்போது முடியின் படத்தோடு, பிளெண்டரில் ஒயர்ஃபிரேம் தெரியும் படம் ஒன்றையும் டெக்ஸ்சரையும் சேர்த்து வையுங்கள். குறை வடிவத்திலா, ஒளிபுகலிலா, வெயிட்டிலா என்பதை அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.